மேரன் காத்திருந்த டிசம்பர்

டன்லின் தீவுப் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் அந்த வருஷம் இரண்டே பேர்தான் படித்தார்கள். மேரன் பீல் ஒருத்தி, சைலஸ் கென்ட் ஒருவன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வகுப்பில் புதிதாக யாரும் வந்து சேரவில்லை, இருந்தவர்களும் எங்கும் போகவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் பாதி வகுப்பு காலி. யார் முதலிடம் என்று பேச்செடுத்தால் மற்றவர் கடைசி என்றாகிவிடும் என்பதால், அந்தப் பேச்சையே அவர்கள் சின்ன வயசிலேயே விட்டுவிட்டார்கள்.

இருவரும் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாகத் தீவு முழுவதும் பேச்சு. அதுவும் முந்திக்கொண்டு போடும் வகை. மற்ற பிள்ளைகள் வசந்தம் வரை காத்துக் கிடக்க, இப்படிப் போட்டவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்பே பதில் வந்துவிடும். ஆனால் இடம் கிடைத்துவிட்டால் போயே தீர வேண்டும். இன்னும் நாலு இடம் பார்க்கிறேன் என்று பின்வாங்க முடியாது.

"மோதிரம் மாத்திக்கிட்ட மாதிரிதான்," என்றாள் மேரனின் அம்மா ஜூடித். "அவங்க சரின்னா நீ ஓடி வர முடியாது. நல்லா யோசிச்சுட்டியா?"

மேரன் நன்றாகவே யோசித்திருந்தாள். கல்லூரி ஐயோவாவில் இருந்தது. அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க நாள்கணக்கில் வண்டி ஓட்ட வேண்டும். அவள் மண்ணைப் பற்றிப் படிக்க விரும்பினாள். டன்லினில் மண் என்பது பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் கறுப்பு. அதில் உருளைக்கிழங்கு போட வேண்டுமானால் கடற்பாசியை வண்டி வண்டியாக வாரிக் கொட்ட வேண்டும். இதையெல்லாம் விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையில் எழுதியிருந்தாள். எழுதாமல் விட்டது வேறொன்று.

கல்லூரி அனுப்பிய படப் புத்தகத்தில் ஒரு பக்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. அதில் கட்டடம் இல்லை, சிரிக்கும் மாணவர்கள் இல்லை. அறுவடை முடிந்த சோளக்காட்டின் நடுவே ஒரு சாலை, எந்த வளைவும் இல்லாமல், வானம் தொடங்கும் இடம் வரை போயிற்று. டன்லினில் எந்தச் சாலையும் அப்படிப் போகாது. கொஞ்ச தூரத்தில் பாறை குறுக்கே வரும், இல்லாவிட்டால் கடல் வரும். எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார், பதிலுக்கு நாமும் தூக்க வேண்டும். அந்த ஒவ்வொரு விரலுக்கும் அவளுடைய முதல் பல் விழுந்த கதையும், ஈஸ்டர் நாடகத்தில் வசனம் மறந்து அழுத கதையும் தெரியும்.

படத்தில் இருந்த சாலையில் அவள் நடந்துகொண்டே இருந்தாள். கடையில் பால் டப்பாக்களை அடுக்கும்போது நடந்தாள், கணக்குப் பாடத்தின்போது நடந்தாள். எதிரே ஒரு வண்டி வரும். உள்ளே இருக்கும் ஆள் அவளைப் பார்ப்பார். யாரோ ஒரு பெண் என்று போய்விடுவார். விரல் எழாது. அந்த 'யாரோ' ஆக இருப்பது அவளுக்குச் சொல்லத் தெரியாத சுகமாக இருந்தது. காற்று சருகுகளைத் தள்ளிக்கொண்டு கூடவே வரும். வெளிச்சம் தேன் நிறத்தில் கிடக்கும். அங்கே எப்போதும் பிற்பகல்தான்.

தீவுக்கு இருந்த ஒரே கடை ஜூடித்துடையது. ரொட்டி வாங்க வருகிறவர்கள், தபால் பார்க்க வருகிறவர்கள், ஒன்றும் வாங்காமல் அடுப்பில் குளிர் காய வருகிறவர்கள் எல்லோரும் "வந்துதா?" என்றுதான் உள்ளே நுழைந்தார்கள். டிசம்பர் பிறந்ததும் ஜூடித் ஓர் அட்டையில் 'இன்னும் இல்லை. கதவைச் சாத்துங்கள்' என்று எழுதி வாசலில் மாட்டிவிட்டாள். அதைப் படித்துவிட்டும் கேட்டார்கள்.

எல்லோரையும்விட அதிகம் கேட்டவள் சைலஸின் அம்மா லோர்னா. சர்ச்சில் ஆர்கன் வாசிப்பதும் பள்ளி வண்டி ஓட்டுவதும் அவள்தான். தன் மகன் வாழ்நாள் முழுக்க மீன் இரை நாற்றத்தோடு வீட்டுக்கு வரக்கூடாது என்பது அவள் சபதம். "ரெண்டு பேருக்கும் சேர்ந்தே வரணும், ஜூடித். ஒண்ணு வந்து ஒண்ணு வராம போனா, பள்ளி வண்டிய நான் எந்த மூஞ்சியோட ஓட்டுறது?" என்பாள்.

பள்ளி விட்டதும் சைலஸும் மேரனும் அவள் அப்பா எமெரியின் வலைக்கொட்டகைக்குப் போவார்கள். சிங்க இறால் கூண்டுகளையெல்லாம் கரையேற்றி அடுக்கியாயிற்று. குளிர்கால வேலை, எந்தக் கூண்டு யாருடையது என்று கடலில் அடையாளம் காட்டும் மிதவைக் கட்டைகளுக்கு வண்ணம் பூசுவது. எமெரியின் நிறம் மஞ்சள், நடுவில் கறுப்புப் பட்டை. விறகடுப்பு கணகணவென்று எரியும், பெயிண்ட் வாசனை தலைக்கு ஏறும், மேரன் கண் திறந்தபடியே காணாமல் போய்விடுவாள்.

"இந்த ஒரே கட்டைக்கு எத்தனை தடவை மஞ்சள் பூசுவ?" என்று சைலஸ் கேட்டான்.

"நான் இங்க இல்லடா."

"தெரியுது. ஐயோவாவுல மழையா, வெயிலா?"

"காத்து மட்டும்தான். மூடுபனியே கிடையாது."

"யாராவது உன்னைப் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. யாருன்னு கேக்கல."

"அடேயப்பா. அப்போ சொர்க்கம்தான்," என்று அவன் கட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கிக் காயவைத்தான்.

அவனிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அக்டோபரிலேயே, இருவரும் விண்ணப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்களில், யாருமே தன்னைத் தெரியாத ஒரு ஊரில் ஒரு நாளாவது விடிய வேண்டும் என்று சொன்னாள். அவன் வழக்கம்போல் ஏதோ கிண்டல் பண்ணினான். பிறகு எழுதிக்கொண்டிருந்த கட்டுரையை ஓரமாகத் தள்ளிவைத்தான். அதை அவள் கவனிக்கவில்லை.

சொல்லாதது, இருவரில் ஒருவருக்குத்தான் இடம் என்றால் என்ன ஆகும் என்பது. பாத்திரம் கழுவும்போது அந்தக் கேள்வி வரும். சில சமயம் தாராளமாக, அவனே போகட்டும், அவன் அம்மா சந்தோஷப்படட்டும் என்று அந்த இடத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். தட்டைத் துடைத்து வைப்பதற்குள், இல்லை, எனக்குத்தான் என்று திரும்பப் பிடுங்கிக்கொள்வாள். மறுநாள் அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். தன் ரொட்டியில் பெரிய பாதியை அவனுக்குக் கொடுப்பாள். அவன் ஏன் என்று கேட்காமல் தின்பான்.

வெள்ளிக்கிழமை மாலை பதில் வெளியாகும் என்று கல்லூரி அறிவித்திருந்தது. வியாழன் இரவே தென்கிழக்கிலிருந்து காற்று எழும்பிவிட்டது. வெள்ளி காலையில் தபால் படகு வராது என்று தெரிந்தது. மதியம் போல, குன்றின் மேல் இருந்த செல்போன் கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரேயடியாக விழுந்தது. கடலடியில் வரும் மின்கம்பியும் எங்கோ அறுந்தது. தீவில் விளக்கு அணைந்தது. தொலைபேசி, இணையம் எல்லாம் போயிற்று.

மாலையில் ஜூடித் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி மேஜையில் வைத்தாள். மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்து மீன் கஞ்சி குடித்தார்கள். கல்லூரி சொன்ன நேரம் வந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்கள். போயிற்று.

"இப்போ வந்திருக்கும்," என்றான் எமெரி.

"எங்க வந்திருக்கும், அப்பா? வர்றதுக்கு வழியே இல்லையே."

"வெளிய எங்கயோ நின்னுட்டிருக்கும். பாவம், இந்தக் காத்துல."

சனிக்கிழமை காலையில் சமையலறை அலமாரியில் இருந்த படகு வானொலி கரகரத்தது. பேட்டரியில் ஓடுவதால், படகுகளோடு பேசும் இந்த வானொலிகள் மட்டும்தான் தீவில் உயிரோடு இருந்தன. பேசியது அக்கரையில் இருக்கும் தபால் படகுக்காரர் ஆரின்.

"எமெரி, இருக்கியா? இங்க கரண்ட் இருக்கு, நெட் இருக்கு. என் பொண்ணு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துட்டா. மேரன் பாஸ்வேர்டைச் சொன்னா போதும், ஒரு நிமிஷத்துல பாத்துச் சொல்லிடுவோம்."

மேரன் பாய்ந்து வந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். "ஐயோ ஆரின், வேண்டாம்! விரிகுடா முழுக்கக் கேக்குது!"

"நாங்க யாரும் கேக்கல கண்ணு," என்றது ஏதோ ஒரு படகிலிருந்து ஒரு குரல்.

"நான் காதையே பொத்திக்கிட்டேன். நீ தைரியமா சொல்லு," என்றது இன்னொன்று.

அந்தப் பாஸ்வேர்ட் அவள் எட்டாம் வகுப்பில் வைத்தது. ஒரு பாடகன் பெயரும், அவனைத் தான் என்ன செய்யப்போகிறாள் என்பதும் அதில் இருந்தன. கல்லூரியே கிடைக்காமல் போனாலும் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

அதற்குள் தன் வீட்டு வானொலியிலிருந்து லோர்னாவின் குரல் குறுக்கே வந்தது. "ஆரின், அவ கிடக்கட்டும். எங்க சைலஸோடத பாரு. டேய், உன் பாஸ்வேர்ட் என்னடா?"

"மறந்துபோச்சும்மா."

"மறந்துபோச்சா? உன் பேரு ஞாபகம் இருக்கா, இல்ல அதுவும் போச்சா?"

"அம்மா, அதை முதல்ல கீழ வை."

விரிகுடா முழுவதும் சிரித்தது. வானொலி ஓய்ந்த பிறகும் மேரனின் முகம் சிவந்தே இருந்தது.

ஆனால் அன்றும் மறுநாளும் அவள் வாழ்ந்த வாழ்வு அதற்கு முன்னும் பின்னும் அவளுக்கு வாய்க்கவில்லை. அலைநுரை பறந்து வந்து ஜன்னல் கண்ணாடிகளில் உப்பாகப் படிந்து, வீடு முழுக்கப் பால் நிற வெளிச்சமாயிற்று. ஒரு சங்கின் உள்ளே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கடல் எல்லாப் பக்கமும் இரைந்தது, உள்ளே அடுப்பு மட்டும் பேசியது. பதில் எங்கோ முடிவாகிவிட்டது. இனி அவள் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் மாறாது. அப்படியிருந்தும் அது அவளைத் தொடவில்லை. போகிறவளாகவும் இருப்பவளாகவும் ஒரே நேரத்தில் இருந்தாள். சோபாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினால் அந்தச் சாலை இதுவரை இல்லாத அளவுக்குத் தெளிவாக வந்தது. காலடியில் மண் மெத்தென்று அமுங்கியது. காற்றில் சோளத்தட்டைகள் உரசும் சத்தம் கேட்டது, அது கடலின் சத்தம்தான் என்று ஒரு பக்க மனசுக்குத் தெரிந்தே கேட்டது. பின்னால் யாரோ நடந்து வருவது போலவும் இருந்தது. பழகிய நடை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எமெரி விறகை உள்ளே தள்ளிவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்தான். "மண்ணுல அப்படி என்னதான் படிப்பாங்க?"

"அது எப்படி உண்டாச்சு, யாரு அதுல வாழ்றா, எப்படி செத்துப்போகுதுன்னு."

"மண்ணு சாகுமா?"

"சாகுமாம்."

அவன் அடுப்புக் கதவைச் சாத்தினான். "படகு பேரு என்னன்னு உனக்குத் தெரியும்ல," என்றான். அவன் படகுக்கு மேரன் என்றுதான் பெயர். அவள் பிறந்த வருஷம் வாங்கியது. "ஒரு மேரன் போனாலும் எனக்கு இன்னொண்ணு இருக்கு. அதனால என்னை நினைச்சு நீ ஒண்ணும் முடிவு பண்ணாத."

திங்கள் காலையில் காற்று விழுந்தது. கடல் இன்னும் கனத்துப் புரண்டாலும் எமெரிக்கு அது போதும். கடைக்குச் சாமான் எடுத்து வர அக்கரைக்குப் போவதாகச் சொன்னான். போகிற வழியில், அலையில் ஆடி ஒலிக்கும் மணி மிதவையைத் தாண்டினால் அக்கரைக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சைலஸும் ஏறிக்கொண்டான். லோர்னா துறையில் நின்று, "கிடைச்சதும் வானொலியில சொல்லுங்க!" என்று கத்தினாள்.

வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறத்தில், எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடந்தன. எமெரி சுக்கான் பிடித்திருந்தான். மேரனும் சைலஸும் பின்பக்கம், கவிழ்த்து வைத்த பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மணி மிதவையின் சத்தம் தூரத்தில் கேட்டதும் மேரன் போனை எடுத்துக் கையுறையைக் கழற்றினாள்.

"உன்னுதையும் எடு," என்றாள். "ஒரே நேரத்துல பார்ப்போம்."

சைலஸ் எடுக்கவில்லை. "என்கிட்ட பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, மேரன்."

"பாஸ்வேர்ட் நிஜமாவே மறந்துட்டியா?"

"நான் அனுப்பவே இல்ல."

எஞ்சின் சத்தத்தில் தான் தப்பாகக் கேட்டதாக நினைத்தாள். அவன் இன்னொரு தடவை சொன்னான். கட்டுரை எழுதினானாம், எல்லாம் நிரப்பினானாம், கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லையாம். பள்ளி ஆசிரியைக்குத் தெரியும். அம்மாவிடம் நீயே சொல் என்று தினமும் நெருக்குகிறாள். அவனுக்குத்தான் வாய் வரவில்லை.

"ஏன்டா?"

"எனக்கு ஐயோவா வேண்டாம். எனக்கு இதுதான் வேணும்," என்று தலையைச் சுழற்றிக் கடலைக் காட்டினான். "அப்புறம், யாருக்குமே உன்னைத் தெரியாத ஊரு வேணும்னு நீ சொன்னல்ல. நான் வந்தா அங்க ஒருத்தனுக்குத் தெரியுமே."

"அதை நான் சொல்லணும்! நீ யாரு முடிவு பண்ண?" அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "எத்தனை வாரமா என்கூட உக்காந்து நகத்தைக் கடிச்ச? உனக்குக் கிடைக்கணும்னு நான்... அந்த ரொட்டியெல்லாம்!"

"ரொட்டி நல்லாதான் இருந்துச்சு."

"சிரிக்காத. எதுக்கு நடிச்ச?"

அவன் பூட்ஸ் நுனியைப் பார்த்தான். "முதல்ல அம்மாவுக்குப் பயந்து. அப்புறம் உன்கூட காத்திருக்கிறது பிடிச்சிருந்துச்சு. நீ தனியா காத்திருந்திருப்ப, பாரு."

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கையில் போன் துடித்தது. மூன்று நாளாகக் குவிந்திருந்த செய்திகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. எமெரி திரும்பிப் பார்க்காமலே எஞ்சினைத் தணித்தான். படகு அலையின் மேல் ஏறி இறங்கி மிதந்தது. அவள் விரல்கள் மரத்துப்போயிருந்ததால் அந்த வெட்கங்கெட்ட பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தாள். சைலஸ் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

திரையில் முதல் வரியிலேயே வாழ்த்து இருந்தது. அவள் அதைப் படித்தாள், கீழே போனாள், மறுபடி மேலே வந்து படித்தாள்.

"அப்பா, கிடைச்சிடுச்சு," என்றாள். சத்தமே வரவில்லை. ஆனாலும் அவனுக்குக் கேட்டது.

எமெரி தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான். அவளை இழுத்து, மீன் வாசனை அடிக்கும் எண்ணெய்ச் சட்டையோடு அணைத்துக்கொண்டான். "அங்க காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?" என்று கேட்டான்.

"எல்லாப் பக்கமும்தான்பா. தடுக்க ஒண்ணுமே இல்ல."

"அப்போ குல்லா வாங்கணும்," என்று அவன் சுக்கானுக்குத் திரும்பினான். தோள்கள் குலுங்கியதை இருவரும் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார்கள்.

வானொலியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால் சாயங்காலம் படகு திரும்பியபோது தீவில் பாதி துறையில் நின்றது. மேரனின் முகத்தைப் பார்த்ததுமே ஜூடித்துக்குப் புரிந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. லோர்னா சைலஸை உலுக்கினாள். "உனக்கு?"

"நான் அனுப்பலம்மா."

கைதட்டல் மெல்ல நின்றது. லோர்னா அவனையே பார்த்தாள். "அப்போ தினமும் நான் சர்ச்சுல முட்டி தேய மண்டி போட்டது?"

"வீணாப் போகல. மேரனுக்குப் போய்ச் சேந்திருக்கும்."

யாரோ சிரிக்கத் தொடங்கி இருமலாக மாற்றிக்கொண்டார்கள். லோர்னா ஒரு வார்த்தை பேசாமல் பள்ளி வண்டியில் ஏறிப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினாளே தவிர, வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆர்கனை அவள் அழுத்திய அழுத்தலில் போதகர் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார்.

மேரன் சைலஸோடு எப்போது சமாதானமானாள் என்று அவளுக்கே நினைவில்லை. கொட்டகையில் ஒருநாள் தூரிகையை நீட்டினாள், அவன் வாங்கிக்கொண்டான். அவளுக்கு வேறு ஒரு குறை இருந்தது. சரி என்ற வார்த்தை வந்த நாளிலிருந்து அந்தச் சாலை வரவில்லை. கண்ணை மூடினால் விடுதி அறை, தடுப்பூசி, எந்த விமானம் என்ற யோசனைகள்தான் வந்தன. தேன் நிற வெளிச்சம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "உன்னால எங்கயும் போக முடியாதபோதுதான் அது வந்துச்சு போல," என்றான் சைலஸ். இருக்கலாம் என்று நினைத்தாள். சில நாள் அதற்காக ஏங்கினாள். பிறகு வசந்தம் வந்து கூண்டுகளைக் கடலில் இறக்கும் வேலை வந்தது, ஏங்க நேரமில்லை.

ஆகஸ்ட் கடைசியில், காலை வெயில் நீரில் உடைந்து மின்னிக்கொண்டிருந்தபோது அவள் தபால் படகில் ஏறினாள். யாராவது நெடுநாள் பிரிந்து போனால், படகு நகரும்போது துறையிலிருந்து கடலில் குதிப்பது தீவுப் பிள்ளைகளின் வழக்கம். எஞ்சின் உறுமியதும் சிறுசுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்தார்கள். சைலஸ் துறையில் இருந்த கொட்டகையின் கூரை மேல் ஏறி, கைகால்களை விரித்துப் பெரிய சத்தத்தோடு விழுந்தான். மேரன் படகின் பின்பக்கம் நின்று கையசைத்தாள், கண்ணீரில் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

துறையின் விளிம்பில் கூட்டம் விலகியது. அங்கே லோர்னா நின்றாள். சர்ச்சுக்குப் போகும் நீல உடுப்பு, காலில் கறுப்புச் செருப்பு, கையில் கைப்பை.

"லோர்னா, வேண்டாம்! தண்ணி சில்லுன்னு இருக்கும்!" என்று ஜூடித் அலறினாள்.

"இதைப் பிடி," என்று லோர்னா கைப்பையை அவளிடம் கொடுத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாள். உடுப்பு குடைபோல் விரிய, நேராகக் கீழே இறங்கினாள்.